ஒரே ஆண்டில் கடைசி இடமும் கோப்பையும்: நியூகாசில் பெண்கள் அணி பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

ஆஸ்திரேலியப் பெண்கள் ரக்பி லீக்கில் நியூகாசில் நைட்ஸ் அணி 2022 ஏப்ரலில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் கடைசி இடத்தில் முடித்தது என்கிறது ஒரு பட்டியல். 2022 அக்டோபரில் அதே அணிதான் சாம்பியன் என்கிறது இன்னொரு பட்டியல். இவற்றில் எது தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, லீக் சுற்றில் ஐந்தே ஆட்டம் கொண்ட ஒரு போட்டியில் வாங்கிய கோப்பைக்கு என்ன மதிப்பு என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: இரண்டுமே சரி. ஆனால் உங்களை உறுத்துவது இரண்டாவது கேள்விதான் என்று நினைக்கிறேன். ஏழு வாரத்தில் முடிந்துவிடும் ஒரு சீசனின் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம்? நல்ல கேள்வி. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நான் மேற்கு சிட்னியில் பிசியோதெரபிஸ்ட். பல வருடங்களாக வார இறுதிகளில் உள்ளூர் கிளப்களின் பெண்கள் அணிகளோடு மைதான ஓரத்தில் நின்று காயங்களைக் கவனித்து வருகிறேன். தொழில்முறை அணி எதிலும் வேலை செய்ததில்லை. எனவே அந்த அணிகளின் அறைக்குள் என்ன பேசினார்கள் என்பதை நான் சொல்ல முடியாது. எல்லோருக்கும் தெரிந்த ஆட்ட முடிவுகள், உடம்பு பற்றிய என் படிப்பு, சிறுமிகள் இந்த விளையாட்டுக்குள் எப்படி வருகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தது, இந்த மூன்றையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஆட்டமே புதிது என்பவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். ரக்பி லீக்கில் ஒரு பக்கத்துக்கு 13 பேர். ஒலிம்பிக்கில் ஆடுவது ரக்பி செவன்ஸ், அது வேறு. பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனும் வேறு. லீக்கில் பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் வரை அனுமதி உண்டு. கபடியில் ரெய்டரைப் பிடித்து நிறுத்துவது போல பந்தோடு ஓடுபவரைப் பிடித்துத் தரையில் சாய்த்தால் அது ஒரு டேக்கிள். ஆறாவது டேக்கிளோடு பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பதால், பெரும்பாலும் ஐந்தாவது முடிந்ததும் பந்தை உதைத்து விடுவார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, 4 புள்ளி. அதைத் தொடரும் உதைக்கு 2 புள்ளி. ஆண்கள் ஆட்டம் 80 நிமிடம், பெண்கள் ஆட்டம் 70 நிமிடம். இவ்வளவு போதும்.

ஒரே வருடத்தில் இரண்டு சீசன் எப்படி வந்தது? காரணம் கோவிட். என்.ஆர்.எல்.டபிள்யூ என்று அழைக்கப்படும் இந்தப் போட்டி 2018இல் நான்கு அணிகளோடு தொடங்கியது: பிரிஸ்பேன் பிராங்கோஸ், சிட்னி ரூஸ்டர்ஸ், செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா டிராகன்ஸ், நியூசிலாந்து வாரியர்ஸ். முதல் மூன்று கோப்பைகளையும் பிரிஸ்பேனே எடுத்துக்கொண்டது. 2021இல் ஆறு அணிகளாக விரிவாக்கத் திட்டமிட்டார்கள். நியூகாசில் நைட்ஸ், பாரமட்டா ஈல்ஸ், கோல்டு கோஸ்ட் டைட்டன்ஸ் ஆகியவை புதிதாக வந்தன. எல்லைகள் மூடிக் கிடந்ததால் வாரியர்ஸ் விலகியது. ஆனால் 2021இன் பிற்பாதியில் சிட்னி முழுக்க ஊரடங்கு. ஆண்கள் போட்டியையே குயின்ஸ்லாந்துக்கு மாற்றித்தான் நடத்தி முடித்தார்கள். பெண்கள் போட்டி தள்ளிப் போடப்பட்டது. ஆக, பெயரளவில் "2021 சீசன்" என்றாலும் அது நடந்தது 2022 பிப்ரவரி 27 முதல் ஏப்ரல் 10 வரை. அதன் பிறகு அசல் 2022 சீசன் ஆகஸ்ட் 20இல் தொடங்கி அக்டோபர் 2இல் முடிந்தது. இரண்டுக்கும் இடையே நான்கு மாதமும் பத்து நாளும்தான். நீங்கள் பார்த்த ஒரு பட்டியல் ஆட்டம் நடந்த தேதியை வைத்தும், இன்னொன்று சீசனின் பெயரை வைத்தும் தொகுத்திருப்பார்கள். இந்தக் காலத்துப் புள்ளிவிவரங்களைப் பார்க்கும் எவரும் இதில் ஒருமுறை தடுக்கி விழத்தான் செய்வார்கள்.

சரி, அந்த இரண்டு சீசன்களிலும் என்ன நடந்தது? முதலாவதில் ஆறு அணிகளும் ஒவ்வொருவரோடும் ஒருமுறை மோதின. பிரிஸ்பேன் நான்கு ஆட்டம் வென்று முதலிடம். நியூகாசில் ஐந்திலும் தோல்வி. மேலே வந்த நான்கு அணிகளுக்கு அரையிறுதி. நான்காவது இடத்தில் தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்த ரூஸ்டர்ஸ், முதலிடத்தில் இருந்த பிரிஸ்பேனை அரையிறுதியில் வீழ்த்தியது. பிறகு குயின்ஸ்லாந்தின் ரெட்கிளிஃபில் நடந்த இறுதி ஆட்டத்தில் டிராகன்ஸை 16-4 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. லீக் சுற்றில் அவர்கள் ஜெயித்தது இரண்டே ஆட்டங்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சீசனில் அதே ரூஸ்டர்ஸ் ஐந்திலும் வெற்றி. அந்த ஆண்டின் சிறந்த வீராங்கனைக்கான டாலி எம் விருதும் அவர்களின் ஆட்டத்தை வழிநடத்தும் ஹாஃப்பேக் ரேசீன் மெக்ரெகருக்குத்தான். நியூகாசில் நான்கு வெற்றி, ஒரு தோல்வி. அந்த ஒரு தோல்வியும் ரூஸ்டர்ஸிடம்தான்; ரூஸ்டர்ஸ் யாரிடமும் தோற்கவில்லை என்பதால் வேறு மாதிரி இருக்கவும் முடியாது. புள்ளிப் பட்டியலின் கீழே பாரமட்டா, பிரிஸ்பேன், கோல்டு கோஸ்ட் மூன்றுக்கும் தலா ஒரே ஒரு வெற்றி. முதல் நான்கு ஆட்டங்களையும் இழந்த பாரமட்டா, கடைசிச் சுற்றில் பிரிஸ்பேனை வென்று, புள்ளி வித்தியாசத்தில் நான்காவது இடத்தைப் பிடித்தது. அப்புறம் அரையிறுதியில் தோல்வியே காணாத ரூஸ்டர்ஸை 24-10 என்று தூக்கி எறிந்தது. இறுதி ஆட்டம் சிட்னி ஒலிம்பிக் பூங்காவின் அக்கார் மைதானத்தில். நியூகாசில் 32, பாரமட்டா 12.

பாரமட்டா நான் வாழும் மேற்கு சிட்னியின் அணி. அதனால் எங்கள் பகுதிக்கு அந்த நாள் மறக்க முடியாதது. அதே அக்டோபர் 2 அன்று, அதே மைதானத்தில், பாரமட்டாவின் ஆண்கள் அணியும் இறுதி ஆட்டம் ஆடியது. 1986க்குப் பிறகு அவர்கள் கோப்பை வென்றதில்லை. தெருவெல்லாம் நீலமும் மஞ்சளும். இந்தப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் தமிழர்கள்கூட வாசலில் கொடி கட்டியிருந்தார்கள். மாலையில் பெண்கள் 12 புள்ளியோடு தோற்றார்கள். இரவில் பென்ரித்திடம் ஆண்கள் 28-12 என்று தோற்றார்கள். நியூகாசில் பக்கம் பார்த்தால் அந்தக் கிளப்பின் ஆண்கள் கடைசியாகப் பட்டம் வென்றது 2001இல். 21 வருடக் காத்திருப்பை முடித்து வைத்தவர்கள் பெண்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த இறுதி ஆட்டத்தில் இரு அணிகளின் பயிற்சியாளர்களும், நியூகாசிலின் ரொனால்ட் கிரிஃபித்ஸும் பாரமட்டாவின் டீன் விடர்ஸும், ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள். இந்த நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

இதுவரை சொன்னது நடந்த கதை. இனி உங்கள் உண்மையான கேள்வி. இவ்வளவு தலைகீழாக மாறும் பட்டியலுக்கு அர்த்தம் உண்டா, இல்லை எல்லாம் அதிர்ஷ்டமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். எல்லா அணிகளும் சம பலம், ஒவ்வொரு ஆட்டமும் நாணயம் சுண்டுவது போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு குறிப்பிட்ட அணி ஐந்திலும் தோற்க 32இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆறு அணிகள் ஆடும் போட்டியில், இரண்டு மூன்று சீசன்களுக்கு ஒருமுறை யாராவது ஒருவருக்கு அப்படியோ அதற்கு நேர் எதிராகவோ நடந்துவிடும். கொஞ்சம் பலவீனமான அணி, அதாவது பத்தில் நான்கு ஆட்டம் ஜெயிக்கக்கூடிய அணி, ஐந்திலும் தோற்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 8 சதவீதம். ஆக "ஐந்தில் பூஜ்ஜியம்" என்பதைப் பார்த்து அந்த அணி உதவாக்கரை என்று முடிவு கட்ட முடியாது. அதே 2022இல் ஆண்கள் அணிகள் ஒவ்வொன்றும் லீக் சுற்றில் 24 ஆட்டம் ஆடின. அங்கே கடைசி இடத்துக்குப் போகும் அணிக்கு அந்த இடம் ஓரளவு பொருந்தும். ஐந்து ஆட்டத்தில் அப்படிச் சொல்ல முடியாது. இது உறுதி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நியூகாசிலின் ஏற்றத்தை அதிர்ஷ்டம் மட்டுமே விளக்குமா? விளக்காது. சம பலமுள்ள ஓர் அணி ஒரு சீசனில் ஐந்தும் தோற்று, அடுத்த சீசனில் நான்கோ ஐந்தோ ஜெயிக்க வேண்டுமென்றால் அதன் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதற்கு மேல் அரையிறுதியையும் இறுதி ஆட்டத்தையும் வெல்ல வேண்டும். அந்த நான்கு மாதத்தில் வேறு ஏதோ மாறியிருக்க வேண்டும். மாறியது ஆட்கள்.

அன்றைக்கு இந்தப் போட்டியில் ஒப்பந்தங்கள் ஒரு சீசனுக்குத்தான். சீசன் முடிந்ததும் எல்லோரும் சுதந்திரம். யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் பேசி இழுக்கலாம். பிரிஸ்பேனிலிருந்து, முன்வரிசையில் மோதி முன்னேறும் ப்ராப் மில்லி பாயிலும், எல்லோருக்கும் பின்னால் கடைசியாக நிற்கும் ஃபுல்பேக் டமிகா அப்டனும் நியூகாசிலுக்குப் போனார்கள். பாயில் அப்போதுதான் டிராகன்ஸின் எம்மா டொனெகாட்டோவோடு டாலி எம் விருதைப் பகிர்ந்துகொண்டவர். அப்டன் அந்த அக்டோபர் இறுதி ஆட்டத்தின் சிறந்த வீராங்கனை. இவர்களோடு ஜெஸி சவுத்வெல் என்ற 17 வயதுப் பெண் ஹாஃப்பேக்காக இறங்கினார். அணியை நகர்த்துவது, எந்தப் பக்கம் பந்து போக வேண்டும் என்று முடிவெடுப்பது, கடைசி டேக்கிளில் உதைப்பது எல்லாம் அந்த இடத்தில் ஆடுபவரின் பொறுப்பு. பள்ளி வயதில் அந்த நிதானம் எனக்கு இன்றும் வியப்புதான். இன்னொரு பக்கம் பிரிஸ்பேனைப் பாருங்கள்: ஏப்ரலில் நான்கு வெற்றியோடு முதலிடம், ஆகஸ்ட்டில் தொடங்கிய சீசனில் ஒரே வெற்றி. நியூகாசில் ஏறியதும் பிரிஸ்பேன் இறங்கியதும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள் என்பது என் முடிவு.

இரண்டு மூன்று பேர் மாறினால் 13 பேர் கொண்ட அணி இவ்வளவு மாறுமா என்று கேட்கலாம். ஆண்கள் போட்டியில் மாறாது. அங்கே ஒரு நட்சத்திரம் போனால் அவருக்குச் சற்றே குறைந்த இன்னொருவர் காத்திருப்பார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். பெண்கள் பக்கம் 2022இல் அந்த வரிசை மிகக் குட்டையாக இருந்தது. இதன் வேர் மேல்மட்டத்தில் இல்லை, சிறுமிகள் ஆடும் மைதானங்களில் இருக்கிறது. இங்கே பன்னிரண்டு வயது வரை பையன்களும் பெண்களும் கலந்து ஆடலாம். அதற்குப் பிறகு பெண்களுக்குத் தனி அணி வேண்டும். இப்போது மேற்கு சிட்னியில் சனிக்கிழமை காலையில் பெண்கள் அணிகள் நிறைய ஆடுகின்றன. ஆனால் 2022இல் இருபதுகளின் நடுவில் இருந்தவர்கள் பன்னிரண்டு வயதைத் தாண்டிய காலத்தில் பல ஊர்களில் அப்படி ஒரு அணியே கிடையாது. அவர்கள் சாய்க்காமல் தொட்டாலே போதும் என்ற டச் ஃபுட்பால் பக்கம் போனார்கள், நெட்பால் ஆடினார்கள், சிலர் ரக்பி செவன்ஸுக்குப் போய் ஒலிம்பிக்கே ஆடினார்கள். மேலே சொன்ன டொனெகாட்டோ 2016 ரியோ ஒலிம்பிக்கில் செவன்ஸ் தங்கம் வென்ற ஆஸ்திரேலிய அணியில் இருந்தவர். கோல்டு கோஸ்ட்டுக்கு ஆடிய எவானியா பெலிடேயும் அந்த அணிதான். இப்படிப் பல வழிகளில் வந்து சேர்ந்தவர்களில் முதல் தரமானவர்கள் குறைவு. அந்தக் குறைவான பேரில் இருவர் ஒரே ஊருக்குப் போனால் பட்டியல் சாய்ந்துவிடும்.

பயிற்சியாளர் மாற்றத்துக்கு எவ்வளவு பங்கு? நியூகாசிலுக்கு கிரிஃபித்ஸ் இரண்டாவது சீசனில்தான் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். ஆட்கள் வந்ததும் அவர் வந்ததும் ஒரே சமயத்தில் என்பதால் இரண்டையும் பிரித்து அளக்க வழியில்லை. அவரது அணி தடுப்பாட்டத்தில் ஒழுங்காக இருந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அது அவரால் வந்ததா, அனுபவசாலிகள் வந்ததால் வந்ததா என்பதில் நியாயமான இரண்டு பேர் இரண்டு கருத்து சொல்லலாம். என் மனம் ஆட்கள் பக்கம் சாய்கிறது. ஆனால் 2023இலும் அவர் பயிற்சியில் அதே கிளப் மறுபடி கோப்பை வென்றதைப் பார்க்கும்போது அவருடைய பங்கு சிறியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரூஸ்டர்ஸ் தோற்ற அந்த அரையிறுதியைப் பற்றி மட்டும் நான் பெரிய விளக்கம் எதையும் நம்ப மாட்டேன். ஐந்தும் ஜெயித்த அணி, ஒன்றே ஒன்று ஜெயித்த அணியிடம் ஒரு நாள் தோற்றது, அவ்வளவுதான். லீக் சுற்றில் இதே பாரமட்டாவை ரூஸ்டர்ஸ் வென்றிருந்தது. ஒரே ஆட்டத்தில் முடிவாகும் கட்டத்தில் பந்து ஒருமுறை கையிலிருந்து நழுவினால்கூட ஒரு வருட உழைப்பு போய்விடும். ஆறு மாதத்துக்கு முன்பு பிரிஸ்பேனுக்கு ரூஸ்டர்ஸ் கொடுத்த அதிர்ச்சியைத்தான் இப்போது ரூஸ்டர்ஸ் வாங்கியது. ஆறு அணிகளில் நான்குக்கு அரையிறுதி என்ற ஏற்பாடே இதற்கு வாசல் திறந்து வைத்தது. ஐந்தில் நான்கு தோற்ற அணிக்கு இரண்டாவது வாழ்வு கிடைப்பது சரியா என்பது பற்றி இங்கே அப்போது நிறையப் பேர் முகம் சுளித்தார்கள். எனக்கும் அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஆனால் விதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாரமட்டா அந்த விதிக்குள் நின்று ஆடி வென்றது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நியூகாசிலைப் பொறுத்தவரை, தங்களை வென்ற ஒரே அணியை அவர்கள் மறுபடி சந்திக்க வேண்டியிருக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் ரூஸ்டர்ஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 2022இல் ஒரு முன்னணி வீராங்கனையின் நாட்காட்டியை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒரு சீசன். ஜூனில் நியூ சவுத் வேல்ஸுக்கும் குயின்ஸ்லாந்துக்கும் இடையே ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் என்ற மாநில மோதல். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இன்னொரு சீசன். அது முடிந்த கையோடு இங்கிலாந்துக்கு விமானம், ஏனென்றால் கோவிட்டால் ஒரு வருடம் தள்ளிப்போன உலகக் கோப்பையும் அதே ஆண்டுதான். நவம்பர் 19 அன்று ஓல்டு டிராஃபோர்டில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா நியூசிலாந்தை 54-4 என்று வென்றது. இதை எல்லாம் ஆடியவர்களில் பலர் முழுநேர விளையாட்டு வீராங்கனைகள் இல்லை. பகலில் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு, மருத்துவமனையில் ஷிப்ட் முடித்துவிட்டு, மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள்.

முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் கிழிவது, அதாவது ஏ.சி.எல் காயம், பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம் வருகிறது. இது பல விளையாட்டுகளில் நன்றாக நிறுவப்பட்ட உண்மை. ஏன் அதிகம் என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. இடுப்பின் அமைப்பு, ஹார்மோன், தரையிறங்கும் விதம், சிறு வயதில் கிடைக்காத பயிற்சி என்று பலதும் சொல்வார்கள். என் அனுபவத்தில் கடைசிக் காரணத்துக்குக் கொடுக்க வேண்டிய இடத்தைக் கொடுப்பதில்லை என்று தோன்றும், ஆனால் அது என் கருத்து மட்டுமே. காயம் வந்து அறுவை சிகிச்சை செய்தால் மைதானத்துக்குத் திரும்ப ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும். இதை 2022இன் நாட்காட்டியில் பொருத்திப் பாருங்கள். மார்ச் மாதம் ஒரு பெண்ணின் முழங்கால் போனால் அவர் இழப்பது ஒரு சீசனை இல்லை, இரண்டு சீசன்களையும் உலகக் கோப்பையையும். ஒரு சீசன் ஒப்பந்தத்தில் இருந்தவர் அடுத்த ஒப்பந்தமே இல்லாமல் நிற்க நேரிடலாம். மாற்று ஆட்கள் குறைவாக உள்ள அணிகளில் இப்படி ஒருவர் போனாலே ஆட்டத்தின் போக்கு மாறிவிடும். இரண்டு சீசன்களின் பட்டியலும் ஏன் இப்படி ஆடியது என்று கேட்டால், ஆட்கள் இடம் மாறியதற்கு அடுத்தபடியாக நான் இதைத்தான் சந்தேகிப்பேன். எத்தனை சதவீதம் என்று அளந்து சொல்லும் விஷயம் இல்லை இது.

2023இலிருந்து நிலைமை மாறத் தொடங்கியது. கான்பரா, குரோனுல்லா, வடக்கு குயின்ஸ்லாந்து, வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ஆகிய நான்கு அணிகள் சேர்ந்து மொத்தம் பத்து. லீக் சுற்றில் ஒவ்வொருவருக்கும் ஒன்பது ஆட்டம். அந்த ஆகஸ்ட்டில் வீராங்கனைகளுக்கென்று முதல்முறையாக ஒரு கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. குறைந்தபட்சச் சம்பளம் 2023இல் 30,000 ஆஸ்திரேலிய டாலர், 2027இல் 50,000ஐத் தாண்டும்படி படிப்படியாக உயர்வு. ஒன்றுக்கு மேற்பட்ட வருடங்களுக்கு ஒப்பந்தம் போடவும் வழி பிறந்தது. சிட்னியில் வாடகை கொடுத்து வாழ இந்தப் பணம் போதாது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு பெண் அடுத்த வருடம் எந்த ஊரில் இருப்போம் என்று தெரிந்து வீடு பார்க்க முடிகிறது, தன் முழங்காலைக் கவனிக்க ஒரே மருத்துவக் குழு தொடர்ந்து இருக்கிறது என்பதெல்லாம் ஆட்டத்தின் தரத்தில் நேரடியாகத் தெரியும் விஷயங்கள்.

அந்த 2023 சீசனின் இறுதி ஆட்டத்தில் நியூகாசில் கோல்டு கோஸ்ட்டை 24-18 என்று வென்றது. பார்க்க வந்தவர்கள் 40,000க்கும் மேல். அப்டன் மறுபடி இறுதி ஆட்டத்தின் சிறந்த வீராங்கனை. அந்தப் பதக்கத்துக்கு ஆஸ்திரேலியாவின் முன்னாள் கேப்டன் கேரின் மர்ஃபியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த மர்ஃபியே அன்று தோற்ற கோல்டு கோஸ்ட் அணியின் பயிற்சியாளர். கோல்டு கோஸ்ட் 2022 சீசனில் கடைசி இடத்தில் இருந்த அணி என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி இடத்திலிருந்து ஒரே தாவலில் இறுதி ஆட்டம் வரை வந்தது நியூகாசில் மட்டும் இல்லை.

ஆக, கோப்பைக்கு மதிப்பு உண்டா என்றால், என் பதில் உண்டு. அந்த ஏழு வாரத்தில் எதிரே வந்த அணிகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வென்று, தோற்றால் வீடு என்ற இரண்டு ஆட்டங்களையும் பெரிய வித்தியாசத்தில் வென்ற அணி நியூகாசில். அதை யாரும் அவர்களிடமிருந்து எடுக்க முடியாது. அடுத்த வருடம் ஒன்பது ஆட்டம் கொண்ட சீசனிலும் அவர்களே வென்றது, முதல் வெற்றி வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்பதற்கு என்னிடம் இருக்கும் வலுவான ஆதாரம். ஆனால் அந்த ஆண்டுகளின் பட்டியலை வைத்து "பாரமட்டா நாட்டின் இரண்டாவது சிறந்த அணி" என்றோ "பிரிஸ்பேன் சரிந்துவிட்டது" என்றோ எழுதுபவர்களை நம்பாதீர்கள். அதே பிரிஸ்பேன் 2025இல் ரூஸ்டர்ஸை 22-18 என்று வென்று மறுபடி சாம்பியன் ஆனது. அப்போது அணிகள் பன்னிரண்டு. விலகிப் போயிருந்த வாரியர்ஸ் திரும்பி வந்திருந்தது, கான்டர்பரி புல்டாக்ஸ் புதிதாகச் சேர்ந்திருந்தது. அப்டனும் அதற்குள் பிரிஸ்பேனுக்கே திரும்பியிருந்தார்.

புள்ளிவிவரம் தொகுக்கிறீர்கள் என்றால் ஒரு யோசனை. சீசனின் பெயரை ஒரு கட்டத்திலும் ஆட்டம் நடந்த தேதியை வேறொரு கட்டத்திலும் தனித்தனியாக எழுதுங்கள். 2018 முதல் 2022 வரையிலான ஐந்து சீசன்களை ஒரு தொகுப்பாகவும் 2023 முதல் வந்ததை இன்னொரு தொகுப்பாகவும் வையுங்கள், ஏனென்றால் மூன்று ஆட்டம், ஐந்து ஆட்டம் என்றிருந்த பட்டியலை ஒன்பதோ அதற்கு மேலோ ஆட்டம் கொண்ட பட்டியலோடு ஒப்பிட்டால் தவறான முடிவுதான் கிடைக்கும். ஆட்டம் பார்த்துப் பழக விரும்பினால் 2022 சீசனில் ரூஸ்டர்ஸும் பாரமட்டாவும் மோதிய அரையிறுதியில் தொடங்குங்கள். முடிவு தெரிந்திருந்தாலும் பரவாயில்லை. பந்தை விட்டுவிட்டு, பந்து இல்லாத பாரமட்டா வீராங்கனைகள் ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் எவ்வளவு வேகமாக எழுந்து வரிசைக்குத் திரும்புகிறார்கள் என்பதை மட்டும் முதல் பாதி முழுக்கக் கவனியுங்கள். அதற்குப் பிறகு 2023 இறுதி ஆட்டத்தைப் பாருங்கள்.